மஞ்சள் தெளித்த பதின்மூன்று படிகள்

இன்று காலை படியிறங்கும்போது பார்த்தேன். மேலிருந்து மூன்றாவது படியிலும் மஞ்சள் போய்விட்டது. முதல் இரண்டு படிகளிலும் அது போய்விட்டதென்று போன வருடமே தெரியும். மேல் யன்னலால் வருகிற வெயில் முதலில் அந்த இரண்டையும்தான் தின்றது. மூன்றாவதில் ஒரு துளி மட்டும், தோடம்பழ விதை அளவுக்கு, ஓரமாக மிஞ்சியிருந்தது. குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். இல்லை.

அந்தப் படியிலேயே குந்திவிட்டேன். கீழே குசினியிலிருந்து பவானி கத்தினாள்.

"என்னப்பா, இறங்குற சத்தத்தைக் காணேல்லை. விழுந்துகிழுந்து போனியளோ?"

"விழேல்லை. சும்மா இருக்கிறன்."

"படியிலையோ? படியிலை இருக்கக் கூடாதெண்டு எத்தினை தரம் சொல்லுறது. எழும்பி வாங்கோ, தேத்தண்ணி ஆறுது."

உனக்குச் சொல்லவேண்டும்போல இருந்தது. என் போனில் இப்போதும் உன் நம்பர் இருக்கிறது, அழிக்க மனம் வரவில்லை. அடித்து என்ன செய்ய? அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே கதைக்கமாட்டாய் என்கிற வசதியும் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேலாக நான் ஒரு கதையை முழுதாகச் சொல்ல நீ விட்டதில்லை.

படியைத் திருத்தி ஐந்து வருடமாகிறது. நீ போய் இரண்டு பனிக்காலம் முடிந்துவிட்டது.

பவானி விழுந்தது ஓகஸ்ட் மாதம். கீழிருந்து நாலாவது படியில் கார்ப்பெட் கிளம்பிப்போய் இருந்தது. நாங்கள் வோபர்னில் இந்த வீட்டை வாங்கும்போதே பழசாக இருந்த கபில நிறக் கார்ப்பெட் அது. தோய்த்த உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினவளின் கால்விரல் அந்த மடிப்பில் கொழுவியது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

அதற்கு முதல் வருடம் தைப்பொங்கலன்று நீயே அந்தப் படியில் தடுக்கிவிழப் பார்த்தாய், நினைவிருக்கிறதா? சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "மச்சான், உதை ஒருக்காக் கவனி. ஆராவது விழப்போகினம்" என்றாய். "வாற கிழமை செய்யிறன்" என்றேன் நான். அந்த வாற கிழமை ஒரு வருடத்துக்கு மேல் வரவேயில்லை. நாலு ஆணி அடித்திருந்தால் முடிந்திருக்கும் வேலை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என் பக்கத்துக் கதிரையில் இருந்தாய். எந்த நிமிஷமும் நீ அதைச் சொல்லப்போகிறாய் என்று காத்திருந்தேன். "நான் அப்பவே சொன்னனான்" என்பதற்கு எங்கள் சனத்தில் யாருக்குத்தான் பொறுமை இருக்கிறது? நீ சொல்லவில்லை. நீ ஓடுகிற ரக்ஸிக்குள் இருந்த பிஸ்கற் பெட்டியைக் கொண்டுவந்து, "தின், காலமை துடக்கம் நீ ஒண்டும் தின்னேல்லை" என்று மட்டும் சொன்னாய். பிறகும் ஒருநாளும் சொல்லவில்லை.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. நடக்கப் பழக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. தெரப்பிஸ்ட் பிள்ளை வீட்டைப்பற்றித் துருவித்துருவிக் கேட்டாள். படுக்கை எங்கே, வாஷ்ரூம் எங்கே, எத்தனை படி? இரண்டும் மேலே, பதின்மூன்று படி என்றேன். படியின் படத்தைக் காட்டினேன். அவளுக்கு முகம் மாறிவிட்டது. கார்ப்பெட் இருக்கவே கூடாது, இரண்டு பக்கமும் கைபிடி வேண்டும், இல்லையென்றால் பவானியை அந்த வீட்டுக்கு அனுப்பமாட்டோம் என்றாள். மகள் உடனே, "ஓகே, தென் அம்மா எங்கடை வீட்டுக்கு வரட்டும்" என்றாள். யூனியன்வில்லில் அவளுடைய வீட்டில் கீழேயே ஒரு அறை, பக்கத்திலேயே வாஷ்ரூம். எல்லாம் சரிதான். பிள்ளை பாசத்தோடுதான் கேட்டாள்.

அன்று எல்லோரும் போனபிறகு பவானி என் கையைப் பிடித்தாள். "ஒருக்கால் அங்கை போனனெண்டால் பிறகு நான் இஞ்சாலை வரமாட்டன். எனக்குத் தெரியும். வீட்டையும் வித்துப்போடுவியள். என்ரை கட்டிலிலை நான் படுக்கவேணும். எப்பிடியாவது செய்யுங்கோ."

நான் வேலை செய்த பிளாஸ்டிக் கொம்பனியை அந்த வசந்தத்தில்தான் மூடியிருந்தார்கள். படி போடுகிற ஆள் ஒருவன் வந்து பார்த்தான், உதட்டைக் குவித்துச் சீக்காய் அடித்தான், ஒரு கடதாசியில் விலையை எழுதித் தந்துவிட்டுப் போனான். அதை மடித்து அரிசி வாளிக்குக் கீழே வைத்துவிட்டு உனக்கு அடித்தேன். நீ விமான நிலையத்து வரிசையில் ரக்ஸியோடு நின்றாய். நான் பாதி சொல்லும்போதே, "எத்தினை நாள் இருக்கு?" என்றாய். இரண்டு கிழமை என்றேன். "ஓம், வாறன்" என்று போனை வைத்துவிட்டாய்.

அடுத்தநாள் ஒரு இரும்பு நெம்புகோலும் இரண்டு குறடும் கொண்டு வந்து நின்றாய். "யூடியூப்பிலை ஒரு வெள்ளைக்காரி தனிய நிண்டு மூண்டு நாளிலை செய்து முடிக்கிறாள். நாங்கள் இரண்டு ஆம்பிளையள். இரண்டு கிழமை காணாதே?"

அந்த வெள்ளைக்காரிக்கு முப்பது வயது இருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்றிருபத்துநாலு. நீ வாழ்நாளில் பிடித்த ஆயுதம் ஸ்ரியறிங் ஒன்றுதான். எனக்கு ஆணி அடித்தால் விரல் மட்டும் தப்பாமல் அடிபடும்.

கார்ப்பெட்டை இழுத்தபோது எழும்பிய தூசியில் இரண்டு பேரும் அரை மணித்தியாலம் தும்மினோம். அதற்குக் கீழே பஞ்சு, அதற்குக் கீழே குத்தூசிகள். ஒரு படிக்கு நூறாவது இருக்கும். குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். நீ மேலிருந்து, நான் கீழிருந்து. நடுவில் சந்திப்போம் என்றாய். நான் நாலாவது படிக்கு வந்ததும் கை ஓடவில்லை. அந்த மடிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ மேலேயிருந்து இறங்கி வந்து அந்தப் படியை நீயே உரித்தாய். கார்ப்பெட் துண்டை வெளியே கொண்டுபோய்க் குப்பைப் பையில் திணித்துவிட்டு வந்து, "சரி, அஞ்சாவதைப் பிடி" என்றாய்.

மரம் வெளியே வந்ததும் நமக்குள் முதல் சண்டை.

"தேக்கடா மச்சான்!"

"விசரா, கனடாவிலை எவன்ரா தேக்கிலை படி போடுவான்? உது பைன்."

"பைன் உப்பிடி நிறமாய் இருக்காது. மணந்து பார்."

என்னைச் சொல்லிவிட்டு நீயே குப்புறப்படுத்து மணந்து பார்த்தாய். அறுபது வருடத்துக் கார்ப்பெட் பசையின் மணம்தான் வந்திருக்கும். ஆனால் முகத்தை மாற்றாமல், "தேக்குத்தான்" என்றாய். பிழை என்று தெரிந்தபிறகும் விட்டுக்கொடுக்காத ஆள் நீ.

காசில்லாமல் வேலை செய்வதில் உனக்கு ஒரு சந்தோஷம் இருந்ததை அந்த இரண்டு கிழமையில்தான் கண்டேன். யாரோ கலக்கச் சொல்லிவிட்டு நிறம் பிடிக்காமல் விட்டுப்போன வெள்ளைப் பெயின்ற் வாளியை அரைவிலைக்குக் கொண்டுவந்தாய். மத்தியானத்தில் அது கொஞ்சம் ரோஸ் நிறமாகத் தெரியும். "கண்ணை மூடிக்கொண்டு ஏறு" என்றாய். அதை நிமிர்ந்து நிற்கிற பலகைகளுக்கு அடித்தோம். தேய்க்கிற மெஷினை ஒரேயொரு நாளைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தோம். அன்று முழுக்கச் சோற்றுக்குக்கூட நிறுத்தாமல் பதின்மூன்று படியையும் தேய்த்தோம். அந்த மரத்தூளைப் பசையில் குழைத்துக் குத்தூசி ஓட்டைகளை அடைத்தோம். ஆறாவது படியும் ஒன்பதாவது படியும் மிதிக்கும்போது கிறீச்சிட்டன. நீ மேலே போய்ப் பவானியின் முகப்பவுடர் டின்னைக் கொண்டுவந்து பலகை இடுக்குகளுக்குள் கொட்டினாய்.

"என்னடா செய்யிறாய்? அவள் வந்தால் கொல்லப்போறாள்!"

"சத்தம் நிண்டுதோ இல்லையோ? மிதிச்சுப் பார்."

நின்றுவிட்டது. வீடு முழுக்கக் கலியாண வீட்டு மணம். நாங்கள் இரண்டு பேரும் புருவமெல்லாம் மரத்தூளோடு படியில் ஏறி இறங்கிச் சிரித்தோம். பவானி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், நான் சிரிக்கிறேன் என்று பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் நான் அந்த இரண்டு கிழமையைத் தாண்டியிருக்கமாட்டேன்.

பிறகு கைபிடி. ஒரு பக்கம் பழையது இருந்தது, மற்றப் பக்கம் வெறும் சுவர். நீ ஒருநாள் பின்னேரம் ரக்ஸியின் கூரையில் நீளமான ஒரு மரக் கைபிடியைக் கட்டி, வால்பக்கம் சிவப்புச் சாரத்துண்டு பறக்கக் கொண்டுவந்து இறக்கினாய். பார்க்டேலில் ஒரு பழைய வீட்டை உடைக்கிறார்கள், கேட்டேன், எடுத்துக்கொண்டு போ என்றார்கள் என்றாய். அதோடு விட்டிருக்கலாம்.

"மச்சான், உது எங்கடை வீடு."

"எந்த எங்கடை வீடு?"

"நாங்கள் வந்து இருந்த வீடடா. எட்டுப் பேர் இருந்த வீடு. உதிலை பார், சிகரெட் சுட்ட அடையாளம். நான் வைச்சது."

எனக்குத் தெரியும், அது எங்கள் வீடில்லை. எங்கள் வீடு அதே தெருவில் எதிர்ப்பக்கம், அதை எப்போதோ இடித்துவிட்டார்கள். ஆனால் நீ அந்தக் கறுத்த அடையாளத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றாய். எண்பதுகளின் கடைசியில் அந்த வீட்டில் நமக்கு இருந்தது ஒரு அறை, இரண்டு மெத்தை, ஒரேயொரு குளிர் ஜக்கெற். அது உன்னுடையது. எனக்கு முதல் வேலைக்கு நேர்முகம் வந்தபோது அதைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு நீ அன்று முழுக்க வீட்டுக்குள் இருந்தாய். வேலை கிடைத்து வந்து, புதிதாகப் பழகிய ஆங்கிலத்தில் உனக்குத் தாங்க்ஸ் என்றேன். உனக்கு வந்ததே கோபம். "உந்தத் தாங்க்ஸ் எல்லாம் வெள்ளையளுக்குச் சொல்லு. எனக்கு இன்னொருக்காச் சொன்னியெண்டால் கையை முறிச்சுப்போடுவன்."

அதற்குப்பிறகு நான் சொன்னதேயில்லை. கைபிடியைச் சுவரில் பூட்டி முடித்தபோதும் சொல்லவில்லை. "உது எங்கடை வீட்டின்ரை இல்லை" என்றுதான் சொன்னேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். இத்தனை நேரமும் சுற்றிவளைத்தது அதற்குத்தான்.

பவானி புதன்கிழமை வருவதாக முடிவாகியிருந்தது. படி தேய்த்து, தூசி துடைத்து, வெறும் மரமாக நின்றது. சனிக்கிழமை முதல் வார்னிஷ், ஞாயிறு இரண்டாவது, பிறகு காயவிட நாள் சரியாக இருக்கும். மெஷினைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அன்று பின்னேரம் உன்னை வீட்டில் விட்டுவிட்டு நான் பவானியைப் பார்க்கப் போனேன். விளக்கு வைக்கிற நேரம் திரும்பி வந்து கதவைத் திறந்தேன். மஞ்சள் மணம்.

நீ படியின் அடியில் நின்றாய். ஒரு கையில் எங்கள் சாமியறைச் செம்பு, மறு கையில் வார்னிஷ் அடிக்க வாங்கிய புது இரண்டங்குலப் பிரஷ். மாவிலைக்கு இங்கே எங்கே போவாய்? பிரஷ்ஷைத் தோய்த்து மேலிருந்து கீழ்வரை மஞ்சள் தண்ணி தெளித்துக்கொண்டு வந்திருக்கிறாய். வெறும் மரம், மச்சான். வார்னிஷ் காணாத மரம். அது குடித்துவிட்டது. பதின்மூன்று படியிலும் பெரிய பெரிய மஞ்சள் துளிகள். நாலாவது படியில் உள்ளங்கை அளவுக்கு ஒன்று.

நான் ஈரத்துணியால் துடைத்தேன், பரவியது. சாண்ட் பேப்பரால் தேய்த்தேன், கீழேயும் மஞ்சளாகத்தான் இருந்தது. எனக்கு இந்தச் சடங்கு ஒன்றிலும் நம்பிக்கை இல்லை, உனக்கும் இல்லை என்று எனக்குத் தெரியும். பிறகு என்ன விசருக்கு? இரண்டு கிழமை வேலை. அவள் வரும்போது படி அழகாக இருக்கவேண்டும், அதைப் பார்த்தாவது அவள் அந்தக் கார்ப்பெட்டை மறக்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். எனக்குக் கண்மண் தெரியவில்லை. அப்போது நான் உனக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்.

"உனக்கு வீடும் இல்லை, பெஞ்சாதியும் இல்லை. ஒரு வீட்டைக் கொண்டுநடத்துறதெண்டால் என்னெண்டு உனக்கென்னடா தெரியும்?"

மூன்று தங்கச்சிமாரைக் கலியாணம் செய்து கொடுத்துவிட்டு நீ நிமிர்ந்தபோது உனக்கு ஐம்பது வயது. நிலக்கீழ் அறையில் தனியே இருந்த மனிதனிடம் சொன்னேன் இதை. எனக்கு ஜக்கெற்றைக் கழற்றித் தந்தவனிடம்.

நீ செம்பைப் படியோரம் வைத்தாய். பிரஷ்ஷைக் கழுவி அதன் பக்கத்தில் வைத்தாய். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டாய். நீ பேசாமல் இருந்ததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

விடிய ஏழு மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் நீ, கையில் இரண்டு கோப்பி, பாலும் சீனியும் இரட்டிப்பாய்ப் போட்ட டபிள் டபிள். "வா, வார்னிஷ் அடிப்பம். உன்ரை மனிசி புதன்கிழமை வருகுது." அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோது, "மூடியை வடிவாத் திற, கட்டிபிடிச்சிருக்கும்" என்று வார்னிஷ் டின்னைக் கையில் தந்துவிட்டாய். மஞ்சளின் மேலேயே வார்னிஷ் அடித்தோம். பிரஷ் மயிரெல்லாம் மஞ்சள். வார்னிஷ் பட்டதும் துளிகள் இன்னும் பளிச்சென்று எழும்பி வந்தன.

புதன்கிழமை மகள் தாயைக் காரில் கொண்டுவந்தாள். கைத்தாங்கியை வாசலில் விட்டுவிட்டு பவானி படியடிக்கு வந்தாள். இரண்டு கையாலும் இரண்டு கைபிடியையும் பிடித்தாள். நல்ல கால் முதலில், மற்றக் கால் பிறகு. தெரப்பிஸ்ட் பிள்ளை பழக்கியபடி ஒன்று, இரண்டு, மூன்று. மகள் ஒரு படி பின்னே, அதற்குப் பின்னே நான். நீ எனக்கும் பின்னே, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, மூன்று பேரும் விழுந்தாலும் ஏந்துவாய் என்பதுபோல நின்றாய்.

நாலாவது படிக்கு முன்னால் அவள் நின்றுவிட்டாள். கால் எழும்பவில்லை. கைபிடியைப் பிடித்த விரலெல்லாம் வெளுத்துவிட்டது.

"அம்மா, யூ கேன் டூ இட். ஒரு ஸ்ரெப்தான்."

"பவானி, ஒண்டுமில்லையப்பா. கார்ப்பெட் இல்லை இப்ப. பார், மரம்தான்."

அவள் அழத் தொடங்கினாள். "ஏலாது. என்னாலை ஏலாது. நான் பிள்ளையோடை போறன். என்னை இறக்குங்கோ."

முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு கிழமை தேய்த்ததும் அடித்ததும் எதற்கு? நான் அடிக்காத நாலு ஆணிக்கு வட்டியாக என் வீடு போகப்போகிறது என்று நினைத்தேன்.

அப்போது நீ எனக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாய். "தங்கச்சி, உதைக் குனிஞ்சு பார்."

அவள் குனிந்து பார்த்தாள். அந்த உள்ளங்கை அளவு மஞ்சள்.

"மற்றப் படியளுக்கு ஒருக்கா. உதுக்கு மட்டும் பிரஷ்ஷை இரண்டுதரம் தோய்ச்சுத் தெளிச்சனான். உதிலை காலை வை."

பவானி கண்ணைத் துடைத்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள். "அண்ணை, நான் வாசலிலையெல்லோ தெளிக்கச் சொன்னனான்? படியிலை ஆர் தெளிக்கச் சொன்னது?"

"நீ வாசலிலையே விழுந்தனி?"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அழுதுகொண்டே சிரித்தாள். மகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகக் காலைத் தூக்கி மஞ்சளில் வைத்தாள். பிறகு ஐந்தாவது படியில் மஞ்சள் எங்கே என்று தேடி வைத்தாள். ஆறாவதில், ஏழாவதில். "எடியேய், என்ரை பவுடர் மணக்குது!" என்று ஒன்பதாவதில் கத்தினாள். பதின்மூன்றாவது படியில் ஏறி நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தாள். தன் அறைக்குப் போனாள். தன் கட்டிலில் இருந்தாள்.

நான் படியிலேயே நின்று உன்னைப் பார்த்தேன். அப்போ அவள்தான் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து உனக்கு அடித்து, "அவரிட்டைச் சொன்னால் செய்யமாட்டார் அண்ணை, நான் வரமுதல் நீங்கள் ஒருக்காத் தெளிச்சுவிடுங்கோ" என்று கேட்டிருக்கிறாள். நான் அவ்வளவு கத்தியபோதும் நீ அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. நீயோ என் முகத்தைப் பார்க்காமல், கைபிடியின் திருகாணி இறுகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாய்.

பிறகு மூன்று வருடம் நமக்குக் கிடைத்தது. நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, "தேக்குப் படி என்ன சொல்லுது?" என்று கேட்டபடி சப்பாத்தைக் கழற்றுவாய். அந்த ஜனவரியில் ரக்ஸித் தரிப்பில் உனக்கு நெஞ்சு நொந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாய். தாதி என்னிடம் நீங்கள் இவருக்கு என்ன முறை என்று கேட்டாள். பிரதர் என்றேன். இரண்டாம் நாள் நீ நன்றாகக் கதைத்தாய். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "மச்சான், அண்டைக்கு நான் படியடியிலை சொன்னது…" என்று தொடங்கினேன்.

"எண்டைக்கு?"

"மஞ்சள் தெளிச்ச அண்டைக்கு."

"எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை" என்றாய். பொய். அதைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டாய். பிறகு கண்ணைத் திறந்து, "அந்தக் கைபிடி எங்கடை வீட்டின்ரைதான்" என்றாய்.

"ஓம் மச்சான். எங்கடை வீட்டின்ரைதான்" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது உனக்கு.

உன் தங்கச்சிமாருக்கு விசா கிடைக்கவில்லை. கிரியை எல்லாம் நான்தான் செய்தேன். இந்த நம்பிக்கையில்லாதவன் பூணூல் போட்டு, தர்ப்பை போட்டு, ஐயர் சொன்னதெல்லாம் செய்தேன். கடைசியில் தகன அறையின் பொத்தானையும் நான்தான் அமத்தினேன். உனக்கு வீடில்லை என்று சொன்ன வாயால் உனக்குத் தேவாரம் பாடினேன். திரும்பி வந்து குளித்துவிட்டுப் படியேறும்போது ஒவ்வொரு மஞ்சளாகப் பார்த்துப் பார்த்து ஏறினேன்.

மேலே எழுதியதை நிறுத்திவிட்டு எழும்பி மூன்று நாளாகிவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை.

அன்று தேத்தண்ணி குடிக்கும்போது பவானியிடம் விஷயத்தைச் சொன்னேன். மேல் யன்னலுக்குத் தடித்த துணி ஒன்று போட்டால் மிச்சப் பத்துப் படியையாவது காப்பாற்றலாம் என்றேன். அவள் படிப்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"வெயிலை மறிச்சுக்கொண்டு எத்தினை நாளைக்கு இருட்டுக்குள்ளை ஏறி இறங்கிறது? அண்ணைக்கு இருட்டுப் பிடிக்காது. வார்னிஷும் மேலை தேய்ஞ்சுதானே போச்சு. அந்த மூண்டையும் தேயுங்கோ. திருப்பித் தெளிப்பம்."

"அது அவன் தெளிச்சதாய் வருமே?"

"வராது. நீங்கள் தெளிச்சதாய் வரும். வரட்டுமே."

மூன்று படிக்கு மெஷின் தேவையில்லை. இரண்டு நாள் கையாலேயே தேய்த்தேன். முழங்கால் இப்போது உன்னைப்போலவே சத்தம் போடுகிறது. கராஜில் ஆணி டின்னுக்குப் பின்னால் உன் பிரஷ் இருந்தது. மயிர் இன்னும் மஞ்சள். தண்ணியில் ஊறவிட்டதும் இளகிவிட்டது.

இன்று விளக்கு வைக்கிற நேரம் பவானி செம்பில் மஞ்சள் கரைத்துக்கொண்டு வந்தாள். இந்த ஐந்து வருடத்தில் அவள் கைபிடியைப் பிடிக்காமல் ஏறப் பழகிவிட்டாள். ஆனால் கீழிருந்து நாலாவது படியில் மட்டும் இப்போதும் மஞ்சளைப் பார்த்துத்தான் காலை வைப்பாள். நான் மேல்படியில் நின்று பிரஷ்ஷைத் தோய்த்து உதறினேன். முதல் படியில் சின்னச் சின்னதாய்ப் பொடியாக விழுந்தது. இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவதுக்கு நன்றாகத் தோய்த்து வீசினேன். பாதி சுவரில் போய் விழுந்தது.

பவானி கீழே நின்று பார்த்தாள். "அண்ணையின்ரை மாதிரி வரேல்லை."

"அவன் விசரன். அவனை மாதிரி ஆருக்கு வரும்?" என்று சொல்ல வாயெடுத்தேன். முடிக்காமல் அங்கேயே குந்திவிட்டேன். அவள் ஏறி வந்து பக்கத்தில் குந்தினாள். படியில் இருக்கக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. இரண்டு பேரும் அங்கேயே கொஞ்சநேரம் இருந்தோம்.

என் வீட்டுக்குள் என் மனைவி ஏறி வந்தது நீ செய்த பிழையால். நீ எனக்குச் சொல்லாமல் விட்ட சொல்லையும், நான் உனக்குச் சொல்லிய சொல்லையும் ஒவ்வொரு நாளும் இந்தப் பதின்மூன்று படியில் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன், இறங்குகிறேன். பாரம்தான். ஆனால் கைபிடி உறுதியாக இருக்கிறது.

நாளைக்கு வார்னிஷ் அடிக்கவேண்டும். ஏழு மணிக்கு எழும்பி இரண்டு கோப்பி வாங்கி வருவேன். ஒன்றைப் பவானி குடிப்பாள்.

முப்பது வருடத்துக்கு மேலாக அடக்கிவைத்ததை இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். தாங்க்ஸ் மச்சான்.

கையை முறிக்கவேணுமெண்டால் வா.